இரைச்சலைப் படிக்காமல் எஃப்.சி.எஸ். படிக்க முடியுமா?

பிஎச்டி சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு புரதம். அதில் ஒரு ஒளிரும் சாயத்தை ஒட்டியாகிவிட்டது. சீனியர் அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைக்கிறார். "இங்கே ஒரு சொட்டு வை. இந்தப் பட்டனை அமுக்கு. முப்பது நொடி பொறு. இப்போ 'ஃபிட்' கொடு. கீழே வர்ற நம்பரை நோட்டில் எழுதிக்கோ." பத்தே நிமிடம். பாடம் முடிந்தது. மாணவருக்கு எஃப்.சி.எஸ். 'தெரியும்' என்று அடுத்த மாத லேப் மீட்டிங்கில் அறிவிப்பும் வந்துவிடும்.

அவருக்கு என்ன தெரியும்? பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

எந்தக் கருவிக்கும் இதைச் சொல்லலாமே, எஃப்.சி.எஸ்.ஸுக்கு மட்டும் என்ன தனிப் புலம்பல் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மற்ற கருவிகளில் இரைச்சல் என்பது தொல்லை, அதை வடிகட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் படிக்கிறார்கள். எஃப்.சி.எஸ்.ஸில் படிக்கவேண்டியதே அந்த இரைச்சலைத்தான். அதைக் கண்ணால் பார்க்காமல் அது தரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறவர், கடிதத்தைப் படிக்காமல் உறையை மட்டும் பத்திரப்படுத்துகிறவரைப் போல.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஃப்ளூரசன்ஸ் கோரிலேஷன் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. தமிழில் ஒளிர்வு ஒட்டுறவு நிறமாலையியல் என்று சொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நிறமாலை என்ற பெயர் இருக்கிறதே தவிர உள்ளே நிறமாலை எதுவும் கிடையாது. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்கும் வேலையே இல்லை. ஒரு மிகச்சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் நேரத்தோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்ப்பதுதான் மொத்த விஷயமும்.

தெருவிளக்கும் தேர்த் திருவிழாவும்

இருட்டான ஒரு தெரு. நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த வெளிச்ச வட்டத்துக்குள் வருகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். ஒரு சமயம் இரண்டு பேர், ஒரு சமயம் யாரும் இல்லை, ஒரு சமயம் மூன்று பேர். சைக்கிளில் போகிற பையன் சட்டென்று வந்து சட்டென்று மறைந்துவிடுவான். கோலூன்றி நடக்கிற தாத்தா வட்டத்தைக் கடக்க நேரமாகும். யார் முகமும் தெரியாவிட்டாலும், எண்ணிக்கை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வைத்தே தெருவில் போவது சைக்கிளா தாத்தாவா என்று சொல்லிவிடலாம்.

அதே தெருவில் தேர்த் திருவிழா அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம். வட்டத்துக்குள் எப்போதும் நெரிசல். இரண்டு பேர் வெளியே போனாலும் இரண்டு பேர் உள்ளே வந்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஏற்ற இறக்கம் இல்லை, எனவே தகவலும் இல்லை.

எஃப்.சி.எஸ். இவ்வளவுதான். விளக்குக் கம்பத்துக்குப் பதில் குவிக்கப்பட்ட லேசர். வெளிச்ச வட்டத்துக்குப் பதில் சுமார் 1 ஃபெம்டோ லிட்டர் அல்லது அதைவிடச் சிறிய கொள்ளளவு. ஆட்களுக்குப் பதில் சாயம் ஒட்டிய புரதமோ டி.என்.ஏ.வோ. கணக்கும் எளிது. 1 நானோமோலார் கரைசலில் 1 ஃபெம்டோ லிட்டருக்குள் சராசரியாக இருக்கும் மூலக்கூறுகள் 0.6. அதாவது பாதிக்கு மேற்பட்ட நேரம் உள்ளே யாருமே இல்லை. ஒருவர் வந்தால் வெளிச்சம் ஏறும், போனால் இறங்கும். சராசரி 100 பேர் என்றால் ஏற்ற இறக்கம் 10 சதவீதம். 10,000 பேர் என்றால் 1 சதவீதம். அதனால்தான் இந்த முறைக்குக் கரைசல் நீர்த்து இருக்கவேண்டும். மற்ற பரிசோதனைகளில் 'சாம்பிள் போதவில்லை' என்று அழுகிறவர்கள் இங்கே 'சாம்பிள் அதிகமாகிவிட்டது' என்று அழுவார்கள் :-)

ஏற்ற இறக்கத்தின் அளவு எத்தனை பேர் என்று சொல்கிறது. ஏற்ற இறக்கத்தின் வேகம் எவ்வளவு பெரியவர் என்று சொல்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் புரிந்துகொண்டவருக்கு எஃப்.சி.எஸ். பாதி வந்துவிட்டது.

பழைய கதை

இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. ஐன்ஸ்டைனின் பிரௌனியன் இயக்கக் கட்டுரை 1905-இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்வீடனின் தியோடர் ஸ்வெட்பெர்க், தங்கத் துகள்கள் மிதக்கும் கரைசலில் ஒரு சிறு இடத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு நொடிக் கணக்கிலும் எத்தனை துகள் தெரிகிறது என்று எண்ணி எழுதினார். அந்த எண் வரிசையின் ஏற்ற இறக்கத்துக்குப் போலந்தின் ஸ்மொலுகோவ்ஸ்கி கணிதம் கொடுத்தார். லேசரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. கண்ணும் நோட்டுப் புத்தகமும்தான்.

1972-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மாக்டே, எலியட் எல்சன், வாட் வெப் மூவரும் இதையே ஒளிர்வை வைத்துச் செய்தார்கள். டி.என்.ஏ.வோடு எதிடியம் புரோமைடு ஒட்டுவதும் பிரிவதும் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் கேள்வி. எதிடியம் தனியாக இருக்கும்போது மங்கல், டி.என்.ஏ.வில் ஒட்டினால் பல மடங்கு பிரகாசம். ஆகவே ஒட்டுவதும் பிரிவதும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமாகத் தெரியும். யோசனை பிரமாதம். ஆனால் அன்றைய கருவியில் வெளிச்ச வட்டம் பெரிது, உள்ளே ஆயிரக்கணக்கில் மூலக்கூறுகள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் இரண்டு பேரைத் தேடிய கதை.

1990-களில்தான் விடிவு வந்தது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ருடால்ஃப் ரிக்லர் குழு 1993-இல் கன்ஃபோகல் அமைப்பையும், ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் டிடெக்டரையும் சேர்த்து, வட்டத்தை ஃபெம்டோ லிட்டர் அளவுக்குச் சுருக்கியது. 1997-இல் பெட்ரா ஷ்வில்லேயும் ரிக்லரும் சகாக்களும் இரண்டு நிறச் சாயங்களை வைத்துக் குறுக்கு ஒட்டுறவு முறையைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு ரெடிமேட் கருவிகள் கடைக்கு வந்தன. அங்கேதான் பட்டன் வந்தது. பிரச்சினையும் வந்தது.

பத்து எண்கள் போதும்

கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மாணவர் செய்யவேண்டிய முதல் வேலை, ஒரு காகிதத்தில் இந்தப் பத்து எண்களை எழுதுவது:

0, 0, 2, 2, 2, 0, 0, 1, 1, 0

பத்து கணங்களில் வட்டத்துக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை இது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 8, சராசரி 0.8. சராசரியின் வர்க்கம் 0.64. ஒவ்வொரு எண்ணையும் தன்னோடு பெருக்கிச் சராசரி எடுத்தால் 1.4. அதை 0.64-ஆல் வகுத்து 1 கழித்தால் 1.19. அடுத்து, ஒவ்வொரு எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணோடு பெருக்கவேண்டும். ஒன்பது ஜோடிகள், சராசரி 1. அதே கணக்கில் 0.56. இரண்டு இடம் தள்ளிப் பெருக்கினால் எட்டு ஜோடிகள், சராசரி 0.5. விடை மைனஸ் 0.22.

1.19, 0.56, மைனஸ் 0.22. இறங்கிப் போகும் அந்தக் கோடுதான் திரையில் தெரியும் புகழ்பெற்ற ஒட்டுறவு வளைவு. பூஜ்யத்துக்குக் கீழே போனது பத்தே எண்களை வைத்துக் கணக்குப் போட்ட பாவம். லட்சக்கணக்கில் எண்கள் இருந்தால் அது பூஜ்யத்தில் போய் அடங்கும். தொடக்கப் புள்ளியைக் கவனிக்கவேண்டும். சராசரி எண்ணிக்கை 0.8-ஐத் தலைகீழாக்கினால் 1.25. வளைவு தொடங்கியது 1.19-இல். பத்தே எண்களில் இவ்வளவு நெருக்கம் வந்தது அதிர்ஷ்டம்தான், ஆனால் விதி அதிர்ஷ்டம் இல்லை. தொடக்க உயரம் என்பது ஒன்றின் கீழ் எண்ணிக்கை. நிஜக் கருவி மூலக்கூறுகளை நேரடியாக எண்ணாது, ஃபோட்டான்களைத்தான் எண்ணும். அதனால் அங்கே தொடக்கப் புள்ளியை அருகில் உள்ள புள்ளிகளிலிருந்து நீட்டிக் கண்டுபிடிப்பார்கள். தத்துவம் ஒன்றுதான்.

கால் மணி நேரக் கணக்கு இது. பத்தாம் வகுப்புப் பெருக்கல். இதைச் செய்யாமலே இந்த முறையில் ஆய்வேடு எழுதி முடித்துவிடலாம் என்பதுதான் வருத்தம்.

வளைவு பொய் சொல்லாது, ஆனால்...

பட்டன் தரும் எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணத்தைத் தேடி அலைய வேண்டாம். இந்தத் துறையின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ஒரு புரதம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்ல வேண்டுமென்றால், வெளிச்ச வட்டம் எவ்வளவு அகலம் என்று முதலில் தெரியவேண்டும். அதற்கு, வேகம் ஏற்கெனவே தெரிந்த ஒரு சாயத்தை வைத்து அளவு பார்ப்பார்கள். ரோடமின் 6ஜி அதற்குப் பேர்போனது. அதன் பரவல் எண் நொடிக்கு சுமார் 280 சதுர மைக்ரோமீட்டர் என்பது 1970-களிலிருந்து வந்த மதிப்பு. கட்டுரைக்குக் கட்டுரை, லேபுக்கு லேப், முப்பது வருடத்துக்கும் மேலாக அதே எண் கைமாறியது. 2000-க்குப் பிறகு வேறு வழிகளில் கவனமாக அளந்தபோது 25 டிகிரியில் அது 400-க்கும் மேல், சுமார் 414 என்று தெரியவந்தது.

இதன் விளைவு என்ன? பழைய எண்ணை வைத்து அளவு பார்த்த ஒவ்வொரு புரதமும் உண்மையைவிட மெதுவாக ஓடுவதாகக் கணக்கானது. அதாவது அதன் ஆரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆரம் ஒன்றரை மடங்கு என்றால் 'இது தனியாக இல்லை, மூன்று சேர்ந்து இருக்கிறது' என்றுகூட ஒருவர் முடிவு கட்டிவிடலாம். கருவியில் கோளாறு இல்லை, சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை, வளைவு வெண்ணெய் போல வழவழப்பாகப் பொருந்தியிருக்கும். தவறு, யாரும் கேள்வி கேட்காத ஒரே ஒரு எண்ணில்.

இது ஒன்று. மிச்சமிருக்கும் குழிகளையும் சொல்லிவிடலாம்.

முதலில் தனிச் சாயம். புரதத்தோடு ஒட்டாத சாயம் கரைசலில் மிச்சமிருந்தால் அதுவும் ஒளிரும். அது புரதத்தைவிடப் பல மடங்கு வேகம். இரண்டும் கலந்த வளைவை ஒரே பொருளாகப் பொருத்தினால் வருவது இரண்டுக்கும் நடுவே ஒரு எண். அந்த வேகத்தில் ஓடும் பொருள் எதுவும் அந்தச் சொட்டில் இல்லவே இல்லை.

அடுத்தது திரட்சி. இதுதான் மிகவும் ஆபத்தானது. வளைவில் ஒவ்வொரு பொருளின் பங்கும் அதன் பிரகாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 99 தனிப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாயம். கூடவே 10 சாயம் கொண்ட ஒரே ஒரு திரட்சி. தனிப் புரதங்களின் பங்கு 99. அந்த ஒற்றைத் திரட்சியின் பங்கு 10 பெருக்கல் 10, அதாவது 100. நூற்றில் ஒன்றே ஒன்று, பாதி வளைவைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொள்கிறது! அமிலாய்டு போலத் திரளும் புரதங்களைப் படிக்கிறவருக்கு இது தெரியாவிட்டால், 'என் புரதத்தில் பாதி திரண்டுவிட்டது' என்று எழுதிவிடுவார். திரண்டது நூற்றில் ஒரு துகள்.

பின்னணி வெளிச்சம் இன்னொன்று. மொத்த வெளிச்சத்தில் பாதி வெறும் பின்னணி என்றால், வளைவின் உயரம் பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறையும். எண்ணிக்கை நான்கு மடங்காகத் தெரியும். புரதம் கண்ணாடியிலும் பிளாஸ்டிக் குழாயிலும் ஒட்டிக்கொள்வது இதற்கு நேர் எதிர். நானோமோலார் அளவில் பாதிப் புரதம் சுவருக்கே போய்விடக்கூடும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் எண்ணிக்கை 'சரியாக' வந்துவிட்டதுபோலத் தோன்றும்.

லேசரின் பலமும் அப்படித்தான். பலம் கூடினால் சாயம் வட்டத்தைக் கடப்பதற்குள் வெளுத்துப் போகும், அதனால் கடக்கும் நேரம் குறைந்ததுபோலத் தெரியும். அதே பலம் வட்டத்தின் ஓரத்தையும் பிரகாசமாக்கி வட்டத்தையே பெரிதாக்கும், அதனால் நேரம் கூடியதுபோலத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எல்லாம் சுகம் என்பதுபோல ஒரு எண் வரும்.

கடைசியாக, இந்த முறையின் எல்லை. பரவும் வேகம் ஆரத்தைப் பொறுத்தது. ஆரமோ எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. இரண்டு புரதம் ஜோடி சேர்ந்தால் எடை இரட்டிப்பு, ஆனால் கடக்கும் நேரம் சுமார் 26 சதவீதம்தான் கூடும். ஒரே கலவையில் இரண்டு பொருளை நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல நேரம் குறைந்தது 1.6 மடங்காவது வேறுபட வேண்டும் என்பது 1999-இலேயே ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம். அதாவது எடை நான்கு மடங்கு. ஆகவே 'என் புரதம் ஜோடி சேர்கிறதா' என்ற கேள்வியோடு ஒற்றை நிற எஃப்.சி.எஸ்.ஸிடம் போவது தவறான வாசலைத் தட்டுவது. அதற்குத்தான் இரண்டு நிறம். சிவப்புச் சேலையும் நீலச் சட்டையும் கைகோர்த்துக்கொண்டு வட்டத்துக்குள் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனால், அவர்கள் ஒரே குடும்பம். எடையைப் பற்றிக் கவலையே இல்லை.

மறுபக்கத்தின் நியாயம்

'பஸ்ஸில் போகிறவனுக்கு இன்ஜின் தெரியவேண்டுமா?' என்று உயிரியல் மாணவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது புரதத்தைப் பற்றிய பதில். வருடங்கள் குறைவு, உதவித்தொகை அதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம் சில இயற்பியல் லேபுகளில் நடக்கும் கூத்தும் உண்டு. கண்ணாடிகளைத் திருகித் திருகி லேசரை நேராக்குவதிலேயே முதல் வருடம் ஓடிப்போகும். அதையும் கல்வி என்று சொல்ல முடியாது.

இன்னொரு நியாயமும் உண்டு. பல சமயம் தேவைப்படுவது ஒப்பீடு மட்டும்தான். மருந்து சேர்ப்பதற்கு முன், சேர்த்த பின். அளவு பார்த்த எண் தவறாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தவறு, வகுத்தால் அடிபட்டுப் போகும். உண்மைதான். ஆனால் திரட்சியின் பிரகாச வர்க்கம் அடிபட்டுப் போகாது. சுவரில் ஒட்டுவதும் போகாது, மருந்து சேர்த்ததும் ஒட்டும் அளவே மாறலாம். எந்தத் தவறு அடிபடும், எது அடிபடாது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதற்குத்தான் படிப்பு தேவைப்படுகிறது.

பஸ் உவமையும் முழுசாகப் பொருந்தாது. எஃப்.சி.எஸ். செய்கிறவர் பயணி அல்ல, டிரைவர். பிரேக் பிடிக்கவில்லை என்றால் சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியவேண்டும். இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வாரப் பாடத்திட்டம்

அப்படியானால் எவ்வளவு படித்தால் போதும்? ஒரு வாரம். தன் அருமையான புரதத்தைத் தொடாமல், வெறும் சாயத்தோடும் தண்ணீரோடும் ஒரு வாரம்.

முதல் நாள் கருவியே வேண்டாம். மேலே சொன்ன பத்து எண் கணக்கு. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல்: ஒரு பெட்டிக்குள் சில புள்ளிகள் குடிகாரர் நடைபோலத் தள்ளாடும், நடுவில் ஒரு வெளிச்ச வட்டம், உள்ளே எத்தனை என்று எண்ணி வளைவு போடவேண்டும். பைத்தானில் ஐம்பது வரிக்குள் அடங்கிவிடும். புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் உயரம் பாதியாகிறதா? வேகத்தைக் குறைத்தால் வளைவு வலப்பக்கம் நகர்கிறதா? பத்துப் பாடப்புத்தகம் சொல்லாததை இது சொல்லும்.

இரண்டாம் நாள் நீர்ப்பு. சாயக் கரைசலைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போகவேண்டும். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் பாதியாகவேண்டும், கடக்கும் நேரம் அசையக்கூடாது. எங்கே இது உடைகிறதோ அங்கே பின்னணி வெளிச்சமோ சுவரோ விளையாடுகிறது. மூன்றாம் நாள் லேசர் பலம். மிகக் குறைவிலிருந்து மெதுவாக ஏற்றி, எண் எங்கே நழுவத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே நிற்கப் பழகவேண்டும்.

நான்காம் நாள் சர்க்கரை. எடையில் 40 சதவீதச் சர்க்கரைக் கரைசல் தண்ணீரைப்போல் சுமார் 6 மடங்கு பிசுபிசுப்பு. அதில் சாயம் 6 மடங்கு நேரம் எடுக்கவேண்டும். எடுக்காது! அதைவிட அதிகமாக எடுக்கும். ஏனென்றால் சர்க்கரை ஒளிவிலகலையும் மாற்றி, லேசரின் குவியத்தைக் கெடுத்து, வட்டத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. இந்த ஒரு 'தோல்வி'யில் கிடைக்கும் படிப்பினை, செல்லுக்குள்ளே அளக்கப் போகும் நாளில் கைகொடுக்கும். செல்லின் உள்ளே இருப்பதும் வெறும் தண்ணீர் அல்லவே.

ஐந்தாம் நாள் கண்ணாடித் தகடு. 0.17 மில்லிமீட்டர் தகட்டுக்காகச் செய்த லென்ஸில், திருத்தும் வளையத்தை வேண்டுமென்றே தவறாகத் திருப்பி வைத்து அளக்கவேண்டும். வளைவு அழகாகவே வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். தப்பான எண் எவ்வளவு அழகாக வரும் என்பதை ஒரு தடவையாவது தன் கையால் செய்து பார்த்தவர், பிறகு அழகுக்கு மயங்கமாட்டார்.

ஆறாம் நாள், தன் புரதம். அன்றைக்கு முதல் வேலை வளைவைப் பார்ப்பது அல்ல. நேரத்தோடு வெளிச்சம் ஓடும் அந்தக் கோணல்மாணல் கோட்டை, இரைச்சலை, ஐந்து நிமிடம் உட்கார்ந்து வெறும் கண்ணால் பார்ப்பது. திடீரென்று வானளாவ எழும் ஒரு முள் தெரிந்தால் அது திரட்சி. மெல்லச் சரிந்துகொண்டே போனால் வெளுப்போ, சுவரில் ஒட்டலோ. 'ஃபிட்' பட்டனுக்கு இவை எதுவும் தெரியாது.

கருவி இல்லாதவர்கள்

கன்ஃபோகல் கருவி இருக்கும் கல்லூரிகள் நம் ஊரில் எத்தனை என்ற கேள்வி வரும். சரியான கேள்வி. ஆனால் முதல் நாள் பாடத்துக்குக் கருவி தேவையில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும், அதுவும் இல்லையென்றால் ஒரு காகிதம் போதும். ஸ்வெட்பெர்க்கிடம் அதற்கு மேல் என்ன இருந்தது?

இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து வந்த பங்களிப்பும் இதையேதான் சொல்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுதீப்த மைத்தியின் குழுவும் என். பெரியசாமியும் சேர்ந்து 2003-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு கரைசலில் ஒரு பொருளா இரண்டு பொருளா என்று முன்கூட்டியே ஊகிக்காமல், பலவித அளவுகளின் பரவலையே வளைவிலிருந்து எடுக்கும் வழி அது. திரளும் புரதங்களுக்கு மிகவும் தேவையான ஒன்று. அதன் சாரம் விலையுயர்ந்த லென்ஸ் அல்ல. 'ஒரு வளைவு உண்மையில் எவ்வளவு சொல்ல முடியும், அதற்கு மேல் எவ்வளவு நாமாகக் கற்பனை செய்கிறோம்' என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக் காசு வேண்டாம்.

மறுபடியும் அந்த மூன்று மாத மாணவரிடம் வரலாம். அவர் நோட்டில் எழுதிய எண் சரியாகவே இருக்கலாம். பிரச்சினை அதுவல்ல. அது சரியா தவறா என்று சொல்ல அவரிடம் வழி எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. அந்த எண்ணின் மேல் அடுத்த பரிசோதனை ஏறும், அதன் மேல் ஆய்வேடு ஏறும், அதைப் படித்து இன்னொரு லேபில் இன்னொரு மாணவர் தன் மூன்று வருடத்தைப் பணயம் வைப்பார். ரோடமின் எண் முப்பது வருடம் கைமாறியது யாருடைய சோம்பலாலும் அல்ல. கையில் வாங்கிய ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவரை நம்பினார்கள், அவ்வளவுதான்.

சீனியர்கள் நல்லவர்கள். நேரம் மிச்சப்படுத்தத்தான் பட்டனைக் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டவேண்டியது பட்டனுக்கு மேலே, திரையின் இடது மூலையில் துடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கோட்டை. ஒரு வாரம் அதைப் பார்க்கவிட்டால் போதும். மீதியை மாணவரே கண்டுபிடித்துக்கொள்வார்.